வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி

கடையில் அவருக்குப் ‘பேக்கப்’ என்று பெயர். முதலாளி வைத்தது. சம்பளச் சீட்டில் இருக்கும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார், அந்த அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர். மவுஸ் வாங்க வந்த ஆளாக இருந்தாலும் சரி, பில் போடுவதற்கு முன்னால், “உங்க ஃபைலையெல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிடுவார். இல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அந்த ஆள் அன்றைக்கு வேறு வேலை பார்த்தமாதிரிதான்.

வருகிறவர்களுக்கோ வேண்டியதெல்லாம் கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டில் மழை பெய்தால் தரை நனைய வேண்டும், நனைந்த தரையில் விளக்கு தெரிய வேண்டும், அந்த விளக்கு ஓடுகிற காரின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டிக் கொடுப்பார்கள். கல்யாண வீடியோ, பிள்ளை நடந்த வீடியோ எல்லாம் இருக்கும் ஒரே டிஸ்க் கடகடவென்று முனகிக்கொண்டிருக்கும், இன்னொன்று வாங்குங்கள் என்றால் மட்டும் முகம் சுண்டிப்போகும். அப்புறம் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? டிஸ்க் செத்த பிறகு அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்குவார்கள். அந்த நேரத்தில் பேக்கப் யாரையும் திட்டியது கிடையாது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்.

இப்படி ஊர்க் குடும்பங்களின் போட்டோவையெல்லாம் கட்டிக் காத்த மனிதரின் சொந்தக் கம்ப்யூட்டரில் காப்பாற்றி வைக்க எதுவுமே கிடையாது. அவர் இருந்தது ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைக்கு அடியில் கடையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் கேபினெட்டுகள். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். டிஸ்க்கில் இருந்ததெல்லாம் டிரைவர் ஃபைல்கள், பாகங்களின் விலைப் பட்டியல்கள், எங்கிருந்தோ இறக்கி வைத்த கையேடுகள். நாளைக்கே அது எரிந்துபோனாலும் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப இறக்கிவிடலாம். போட்டோ என்று பார்த்தால் அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்று. அதிலும் கண் பாதி மூடியிருக்கும்.

சொந்தம் என்று இருந்தது ஒரு தம்பி. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, தம்பியைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்தார். அந்த ஓட்டத்தில் தன் கல்யாணம் தள்ளிப்போனது, தள்ளிப்போனது அப்படியே நின்றும்போனது. இதை அவர் ஒரு தியாகமாகச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, அது வேறு விஷயம். தம்பி அதே ஊரில்தான் இருந்தான். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். சண்டை ஏதும் கிடையாது. ஆனால் போனால் என்ன பேசுவது? அவருக்குக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதுவும் பேச வராது. தம்பி வீட்டு சோபாவின் ஓரத்தில் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தம்பி டிவியைப் பார்ப்பான். தம்பி மனைவி நல்ல பெண்தான், ஆனால் எதிரில் நின்று பேசுவதைக்கூட மகளைத் தூது வைத்துத்தான் பேசுவாள்: “பெரியப்பாவுக்கு டீ வேணுமான்னு கேளு.” பெரியப்பா வேண்டாம் என்று தலையாட்டுவார். வேண்டும் என்றுதான் இருக்கும். இரண்டு தரப்புக்குமே மூச்சு முட்டும். போவது மெல்ல மெல்லக் குறைந்து, போனில் பேசுவதும் குறைந்து, கடைசியில் யாருக்காவது உடம்புக்கு வந்தால்தான் பேச்சு என்று ஆகிவிட்டது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், தம்பி போனில் கூப்பிட்டான்.

“அண்ணா, பொண்ணு கேமிங் கம்ப்யூட்டர் வேணும்னு உயிரை எடுக்கறா. அவ அம்மாவுக்கு போட்டோவெல்லாம் பத்திரமா இருக்கணுமாம். போன தடவை போன் கெட்டுப்போய் பாதி போச்சுல்ல, அதுலேருந்து பயம். ரெண்டையும் ஒரே பெட்டியில முடிச்சுக் கொடுக்க முடியுமா? உன்னை விட்டா எங்களுக்கு யாருண்ணா இருக்கா?”

கடைசி வாக்கியத்தை அவன் பேச்சுவாக்கில் சொன்னான். எல்லோரும் வேலை ஆக வேண்டுமென்றால் சொல்வதுதான். ஆனால் பேக்கப்புக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று மாலை வரை எந்த வாடிக்கையாளரையும் அவர் தொந்தரவு செய்யவில்லை. முதலாளி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

உள்ளபடி பார்த்தால் அந்தக் கம்ப்யூட்டரை அவர் ஒரு தாளில் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். எந்தக் கார்டுக்கு எந்தப் பவர் சப்ளை, எந்தக் கேபினெட்டில் எது இடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் முதல் நாள் பேசி வைத்த பிறகு மறுநாள் மாலை தம்பி மகளே கூப்பிட்டாள். பள்ளி முடித்து வந்த கையோடு. என்ன கார்டு போடப் போகிறீர்கள் பெரியப்பா என்றாள். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை அவரைத் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு கார்டுகளைச் சொல்லி, யோசிக்கணும்மா என்றார். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தேர்ந்தெடுத்து முடித்துவிட்டால் இந்தப் போன் நின்றுவிடும்.

பிறகென்ன, மனிதர் இழுக்கத் தொடங்கினார். இன்னும் ஆறு வாரத்தில் புது வரிசைக் கார்டு வருகிறது, பழையது விலை இறங்கும் என்றார். அது உண்மை. வந்தது, இறங்கியது. கார்டின் நீளத்துக்குக் கேபினெட் போதாது, முன்னால் இருக்கும் ஃபேன் இடிக்கும் என்றார். அதுவும் உண்மை. வேறு கேபினெட்டைப் பார்க்க ஒரு வாரம். நினைவகம் குறைந்த கார்டாகப் போட்டால் இரண்டு வருடத்தில் பல்லைக் காட்டிவிடும், அதிகம் உள்ளதாகப் பார்க்கலாம் என்றார். அதற்கு இன்னொரு வாரம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, அது போனால் கூட இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்கு ஒரு மாலை முழுக்கப் பாடம். அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை.

“பெரியப்பா, உள்ள லைட் எரியணும்.”

“லைட்டுக்கும் வேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதும்மா.”

“சம்பந்தம் இல்லேன்னாலும் எரியணும்.”

இதைச் சொல்லிச் சொல்லிக் கடையில் சிரித்தார். வாழ்க்கை முழுக்க, விளக்கு எரிகிற ராம் வாங்குகிறவனை முட்டாள் என்று சொல்லி வந்தவர், ஏழு நிறத்தில் எரிவது எது என்று மொத்த வியாபாரியைத் துளைத்தெடுத்தார். கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட்டாக எடுத்தார். எல்லாம் முடிய கிட்டத்தட்ட இரண்டு மாதம். கடைசியில் அவளே பொறுமை இழந்தாள். லீவு முடியப்போகிறது, வாங்குவீர்களா மாட்டீர்களா என்று கேட்டுவிட்டாள். அவர் அன்றைக்கே வாங்கிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக் கூடத்தில் தரையில் அட்டையை விரித்துப் பாகங்களைப் பூட்டினார். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. விளையாட்டில் மழை பெய்தது, தரை நனைந்தது. பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அதன் பிறகு அவர் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். மூன்று பேருடைய போனிலும் எடுக்கும் போட்டோ, வீட்டுக்குள் வந்ததும் யாரும் எதையும் தொடாமலே இந்தப் பெட்டிக்குள் வந்து விழும். தினமும் பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகல் தானாக ஏறும். இதுவரைக்கும் அவளுக்கு நிம்மதி. ஆனால் இது போதாது என்றார். இரண்டும் ஒரே பெட்டி, ஒரே வீடு. ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

“வீடு தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“அண்ணா, வாயைக் கழுவு,” என்றான் தம்பி.

வாயைக் கழுவவில்லை. பையிலிருந்து கையடக்கமான இரண்டு டிஸ்க்குகளை எடுத்து வைத்தார். ஒன்று இங்கே, ஒன்று என் அறையில். மாதத்தின் முதல் ஞாயிறு நான் வந்து இதில் புதிதாக நகல் எடுத்துக் கொண்டுபோவேன், அங்கே இருப்பதை இங்கே கொண்டுவந்து வைப்பேன் என்றார். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்று மகள் வழியாகக் கேட்டாள் தம்பி மனைவி. சிரமமே இல்லை என்றார், கொஞ்சம் அவசரமாகவே.

இந்த ஏற்பாட்டில் பொய் எதுவும் இல்லை. கடையில் எல்லோருக்கும் அவர் சொல்வதுதான். ஆனால் டிஸ்க்கைக் கையில் தூக்கிக்கொண்டு மனிதன் அலையாமல், இணைய வழியாகவே வெளியே ஒரு பிரதி அனுப்பலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டார். ஒரு வீட்டுக்குள் மாதம் ஒரு தடவை போய் உட்கார ஒரு காரணம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்தச் சில மாதங்கள் நன்றாக இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். நகல் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது சோபா ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வேலையாக வந்த ஆள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி. டீ வந்தால் குடித்தார், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். அறைக்குள் சூடு எவ்வளவு, ஃபேன் சத்தம் ஏன் கூடியிருக்கிறது என்று தம்பியிடம் பேச விஷயம் இருந்தது. பெண் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்ப்பார். ஒரு நாள் அவரையே கார் ஓட்டச் சொன்னாள். முதல் வளைவிலேயே கொண்டுபோய்க் கடலில் இறக்கினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டுத் தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “எங்க போறீங்க, தண்ணிக்குள்ளயா?” என்று நேராக அவரிடமே கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு அவளே திகைத்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது பேக்கப் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்ததில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தம்பியிடமிருந்து போன். இந்த ஞாயிறு வேண்டாம் அண்ணா, நாங்கள் வெளியூர் போகிறோம், அடுத்த வாரம் வந்துவிடு என்றான். அதற்கென்ன என்றார். அடுத்த ஞாயிறு போனார். எப்போதும்போல டீ. தம்பி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே பேசினான். பயணம் எப்படி என்று இவர் கேட்டதற்கு, நன்றாக இருந்தது, ஒரே வெயில் என்றான். டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான் என்று கடையில் கரடியாய்க் கத்துவார். ஆகவே ஒவ்வொரு முறையும் அறைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து ஃபைலைத் திறந்து பார்ப்பார். அந்த வீட்டு விஷயங்களை நோட்டம் விட அல்ல. படம் முழுசாகத் தெரிகிறதா, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிக் கிடக்கிறதா, அதுதான் சோதனை. அன்றைக்கும் கை போன இடத்தில் ஒன்றைத் திறந்தார்.

தம்பி வீட்டுக் கூடம். பலூன். மேசையில் கேக், அதன் முன் தம்பி மகள், புதுச் சட்டை. சுற்றிலும் பெண்ணின் தோழிகள், தம்பி மனைவி வீட்டார், மாடிவீட்டுக்காரர்கள்கூட. பின்னால் அவர் பூட்டிய கம்ப்யூட்டர் ஏழு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. படத்தின் பெயரிலேயே தேதி இருந்தது. அவர்கள் வெளியூர் போயிருந்த ஞாயிறு.

படம் முழுசாகத் தெரிந்தது. ஒரு பழுதும் இல்லை.

கோபம் வந்ததா? வந்தது. அடுத்த படத்தைத் திறந்தார், அதற்கடுத்ததையும். தம்பி சிரிக்கிறான், யாருக்கோ கேக் ஊட்டுகிறான். இவ்வளவு பேர் நிற்கும் இடத்தில் ஒரு ஆள் ஓரமாக நிற்க இடமில்லாமலா போய்விட்டது? அந்தக் கோபம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு அவராகவே தன்னை அந்தக் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துப் பார்த்தார். சோபா ஓரம், முழங்காலில் கை. தெரியாதவர்கள் வந்து யார் என்று விசாரிப்பார்கள், தம்பி அறிமுகம் செய்துவிட்டு நழுவுவான், அதன் பிறகு அவரிடம் யாராவது பேச வேண்டுமே என்று வீட்டுக்காரர்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள். அவரே ஏதாவது பேச வேண்டுமே என்று, போட்டோ எடுக்கிற ஆளிடம், இதற்கு இன்னொரு காப்பி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருப்பார். கட்டாயம் கேட்டிருப்பார். அவர்கள் செய்ததில் தப்பில்லை என்று சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்ட பிறகும் வலிக்கத்தான் செய்தது. அதிலும் பாவம், அவர்களுக்கு அதை மறைக்கக்கூடத் தெரியவில்லை. யாரும் தொடாமலே போட்டோ தானாக வந்து விழும்படி ஏற்பாடு செய்து கொடுத்தது யார்? இவர்தானே.

அடுத்த முதல் ஞாயிறு அவர் கையில் டிஸ்க் இல்லை. உட்கார்ந்து ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் என்னவோ செய்தார். பிறகு தம்பியையும் அவன் மனைவியையும் கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் நகல் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இணைய வழியாகத் தானாகப் போகும். என் அறையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறேன், அதில் போய் ஏறிக்கொள்ளும். எல்லாம் பூட்டித்தான் வரும், என்னால்கூடத் திறந்து பார்க்க முடியாது, கடவுச்சொல்லை நீங்களே போடுங்கள் என்றார். தம்பி மனைவி போடும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சோதனைகூட இனி பெட்டியே செய்துகொள்ளும்.

“அதனால நான் இனிமே மாசாமாசம் வர வேண்டியதில்ல,” என்றார்.

சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“அப்பாடா,” என்றான் தம்பி, உண்மையான அக்கறையோடு. “உனக்கும் அலைச்சல் மிச்சம்ணா. நானே சொல்லணும்னு இருந்தேன், இந்த வெயில்ல பஸ் புடிச்சு வர்றியேன்னு.”

தம்பி மனைவிதான் ஒரு கணம் அவரையும் கம்ப்யூட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். அப்பப்ப வந்துட்டுப் போங்க என்றாள். நேராக அவரிடமே சொன்னாள். பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் போய்வருகிறேன் என்று சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

அப்பப்ப என்றால் எப்போது? முதல் ஞாயிறு என்றால் முதல் ஞாயிறு. அப்பப்ப என்று ஒரு கிழமை எந்தக் காலண்டரிலும் இல்லை. அவர் போகவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் தன்னுடன் வைத்துக்கொண்டார். நகல் முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் அவர் போனுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பும்: நகல் முடிந்தது, பிழை இல்லை. கூடவே அன்றைக்கு எவ்வளவு வந்தது என்ற அளவு. படம் எதுவும் தெரியாது. ஆனாலும் அளவைப் பார்த்தே அவர் ஏதேதோ கண்டுபிடிப்பார். வார நாளில் கொஞ்சமாக இருக்கும், பள்ளியும் ஆபீசும். ஞாயிற்றுக்கிழமை அளவு கூடினால், எங்கோ வெளியே போய்வந்திருக்கிறார்கள். ஒரு முறை நாலு நாள் ஒன்றுமே புதிதாக வரவில்லை. அவர்களில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தூக்கம் கெட்டார். ஐந்தாம் நாள் எப்போதும்போலக் கொஞ்சம் வந்தது. கடையில் நின்றபடியே செய்தியைப் படித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முதலாளி ஒரு நாள் கிண்டல் செய்தார், தினமும் சரியாக ஏழு மணிக்கு உமக்கு யாரய்யா செய்தி அனுப்புகிறார்கள் என்று. வீட்டிலிருந்து என்றார் பேக்கப்.

மழைக்காலம் முடியும் சமயம். அன்றைக்கு அவருக்கு விடுமுறை, அறையில்தான் இருந்தார். ஏழு மணி ஆயிற்று. செய்தி வரவில்லை. ஏழு பத்துக்கும் வரவில்லை. தன் அறை இணைப்பைப் பார்த்தார், ஒழுங்காக இருந்தது. மேசையில் இருந்த சின்னப் பெட்டி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. கோளாறு அந்தப் பக்கம்தான். ஏழரை ஆனதும் அவர் சட்டையை மாட்டினார். பையில் புது டிஸ்க் ஒன்று, ஸ்க்ரூடிரைவர் கட்டு, உதிரிக் கேபிள்கள். தம்பிக்கு ஒரு போன் போட்டு, கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவர் போடவில்லை. அறையில் இருந்தபடியே அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தார். அது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன கெட்டிருக்கும் என்று யோசித்தார். டிஸ்க் என்றால் மாற்றி, தன் அறையில் இருக்கும் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற ஒரு முழு நாள் ஆகும். இரண்டு நாளும் ஆகலாம். பவர் சப்ளை போய் மற்றதையும் இழுத்துக்கொண்டு போயிருந்தால் புதிதாகவே பார்க்க வேண்டும். கார்டு, கேபினெட், எல்லாம். பெண் மறுபடி தினமும் கூப்பிடுவாள். மனத்துக்குள் குஷியாக இருந்தது. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

தம்பி வீடு இரண்டாவது மாடி. முதல் மாடித் திருப்பத்தில் ஏறும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது, மீண்டும் தொடங்கியது, நகல் முடிந்தது, பிழை இல்லை.

படியில் அப்படியே நின்றார். மேலே தம்பி வீட்டில் டிவி சத்தம் கேட்டது. மழைக்குத் தெருவில் இணைப்பு போயிருக்கிறது, வந்துவிட்டது, அவ்வளவுதான். கெட்டது எதுவும் இல்லை. அப்போதுதான் அவருக்குத் தன் மேலேயே கூச்சம் வந்தது. கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டல்லவா முக்கால் மணி நேரம் வந்திருக்கிறார்? அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் இருக்கும் பெட்டி செத்திருக்க வேண்டும் என்று. எந்த ஊரில் எந்தப் பெரியப்பா அப்படி நினைப்பான்? டிஸ்க்கைப் பறிகொடுத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிற கைதானே இது? சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பிப் போய்விடலாம். வந்தது யாருக்கும் தெரியாது. இரண்டு படி இறங்கவும் செய்தார். இறங்கினால் மருந்துக்கடை மாடி, எதிர் வீட்டுச் சுவர், நாளைக்கு ஏழு மணிக்கு ஒரு வரி. நாளைக்கும் பிழை இருக்காது. அவர் பூட்டிய பெட்டி, இன்னும் பத்து வருடத்துக்கு அதற்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டார்.

ஏறிப்போய் மணியை அடித்தார்.

தம்பிதான் கதவைத் திறந்தான். வீட்டில் போடும் பனியன், கையில் ரிமோட். அண்ணனைப் பார்த்தான், தோளில் தொங்கிய பையைப் பார்த்தான், முகம் மாறிவிட்டது.

“என்னண்ணா, ஏதாவது கெட்டுப்போச்சா?”

“இல்லடா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“பின்ன?”

 டிஸ்க், கேபிள், கார்டின் சூடு, ஃபேனில் தூசி, சொல்லப் பேக்கப்புக்கு எத்தனையோ இருந்தன. எல்லாமே வாய் வரை வந்தன. பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சும்மா வந்தேன்,” என்றார்.

தம்பி ஒன்றும் புரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது, யாரு வந்திருக்கா என்று. அண்ணன் என்றான். “அய்யய்யோ, கம்ப்யூட்டருக்கு என்னாச்சு?” என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

“ஒண்ணும் ஆகல,” என்றான் தம்பி. அண்ணன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். “சும்மா வந்திருக்காராம்.” சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கே காதில் விழுந்ததுபோல இருந்தது. கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றான்.